கிளி ஏன் கடித்தது?

சொன்னதைச் சொல்வது ஒன்றே கிளிப்பிள்ளையின் தொழில் என்று நாம் வெகுகாலமாக நம்பி வந்திருக்கிறோம். அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் மாது 1977 முதல் 2007 வரையில் பயிற்றுவித்த அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி இந்த நம்பிக்கையைப் பொய்யாக்கிற்று. நிறத்தையும் வடிவத்தையும் அது பெயர் சொல்லிக் கூறிற்று. பரீட்சை அலுத்துவிட்டால், கூண்டுக்குப் போகவேண்டும் என்று வாய்விட்டே கேட்டது.

ஆயினும், தேக அசௌக்கியத்தைக் கிளி நடத்தையினால்தான் தெரிவிக்கும். நேற்று வரையில் கையிலிருந்து கொட்டையை வாங்கித் தின்ற கிளி இன்று விரலைக் கடிக்கிறது. ஓயாமல் பேசியது மௌனம் சாதிக்கிறது. தன் இறகைத் தானே பிடுங்கிப் போடுகிறது. பாட்டி இதைத் திருஷ்டி என்கிறாள். குழந்தைகள் கோபம் என்கிறார்கள். வீட்டு எஜமானர் கொழுப்பு என்கிறார். இப்படித் தர்க்கம் செய்து நாளைக் கடத்துவதில்தான் அபாயம் இருக்கிறது.

(நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆகையால் இங்கே பேசுவது சாம்பல் கிளி போன்ற அயல்நாட்டுக் கிளிகளைப் பற்றியே.)

காட்டிலே சோர்ந்து காணப்படும் பறவைதான் பருந்தின் கண்ணில் முதலில் படும். எனவே நோயை மறைப்பது கிளியின் சுபாவம். நம் கண்ணுக்கு அது தெரியும்போது நோய் முற்றியிருக்கக் கூடும். நாள் முழுதும் இறகைச் சிலிர்த்துக்கொண்டிருத்தல், பகலில் தூங்கி வழிதல், கூண்டின் தரையில் உட்காருதல், மூச்சுக்கு மூச்சு வால் ஆடுதல், எச்சம் மாறுதல் இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். மெலிவை இறகு மூடிவிடும், தராசு மூடாது. 400 கிராம் கிளி 40 கிராம் இழப்பது, 60 கிலோ மனிதர் 6 கிலோ இழப்பதற்கு ஒப்பாகும். வெறும் விதைகளையே தின்று வளரும் சாம்பல் கிளிக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து வலிப்பும் வருவதுண்டு.

உடம்பில் குறையில்லை என்று வைத்தியர் சொன்ன பிறகு, வீட்டை ஆராயலாம். கூண்டை இடம் மாற்றினோமா? கிளியோடு பேசிவந்த பெண் புக்ககம் போய்விட்டாளா? இரவு வெகுநேரம் விளக்கெரிந்து அதன் தூக்கம் கெடுகிறதா? கிளிக்குத் தினம் 10 முதல் 12 மணி நேரம் இருளும் அமைதியும் வேண்டும். பருவம் எய்திய கிளி இணை தேடும் காலத்திலும் சிடுசிடுக்கும். அப்போது முதுகைத் தடவாமல் தலையை மட்டும் வருடுவது நலம். தோசை ஒட்டாமலிருக்க மேற்பூச்சுப் பூசிய கல் அளவுமீறிக் காய்ந்தால், அதன் புகை சில நிமிஷங்களில் பறவையைக் கொன்றுவிடும். கூண்டு சமையலறைக்கு அருகே இருக்கலாகாது.

கடித்த கிளியை அதட்டுவதும், தண்டனையாக இருட்டில் மூடி வைப்பதும் பயத்தையே வளர்க்கும். கடிப்பதற்கு முன் பெரும்பாலும் அதன் கண்மணி சுருங்கி விரியும். பிடரி இறகு எழும்பும். அந்த எச்சரிக்கையைக் கண்டதும் கையைப் பின்வாங்கிக்கொண்டால், கிளிக்குக் கடிக்க அவசியமே நேராது.

ஒரு சிறு தராசும் ஒரு குறிப்புப் புத்தகமும் கூண்டருகே இருக்கட்டும். காலை ஆகாரத்துக்கு முன் எடையைக் குறித்து வைக்கும் பொறுப்பை வீட்டுக் குழந்தைகளிடமே ஒப்புவிக்கலாம்.