பன்னிரண்டு என்ற எண்ணும் பெராரி என்ற பெயரும்

நமது வீதிகளில் ஓடும் முச்சக்கர வண்டியின் இயந்திரத்தில் இருப்பது ஒரு சிலிண்டர். சிறிய கார்கள் பலவற்றில் மூன்று, நடுத்தரக் கார்களில் பெரும்பாலும் நான்கு. இந்த எண்ணிக்கையை விசாரித்து வாகனம் வாங்குவோர் நம்மிடையே மிகச் சிலரே. எரிபொருள் எவ்வளவு செலவாகும், உதிரிப்பாகங்கள் கிடைக்குமா என்பவையே நமது கேள்விகள். ஆனால், பெரும் விலைகொடுத்து வாங்கப்படும் ஸ்போர்ட்ஸ் கார்களின் உலகில் நிலைமை வேறு. அங்கு சிலிண்டர்களின் எண்ணிக்கை ஒரு குலப்பெயரைப் போன்றது. அது எட்டா, பத்தா, பன்னிரண்டா என்பதை வைத்தே ஒரு காரின் தகுதியும் தரமும் பேசப்படுகின்றன. இந்த மதிப்பு இயந்திரவியலின் தேவையால் வந்ததா அல்லது விற்பனைக்காக வளர்க்கப்பட்டதா என்பதை இத்தாலியின் பெராரி நிறுவனத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

சிலிண்டர் என்பது எரிபொருளும் வளியும் கலந்து எரியும் உலோக அறை. எரிதலின் அழுத்தம் உள்ளிருக்கும் பிஸ்டனைத் தள்ள, அது கிராங்க் தண்டைச் சுழற்றுகின்றது. மூன்று லீற்றர் கொள்ளளவை நான்கு சிலிண்டர்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 750 கன சென்ரிமீற்றர் கிடைக்கும். பன்னிரண்டுக்குப் பங்கிட்டால் 250 மட்டுமே. சிறிய சிலிண்டருக்குப் பாரம் குறைந்த சிறிய பிஸ்டன் போதும். ஒரு செக்கனில் நூற்றுக்கும் மேற்பட்ட தடவைகள் திசைமாறி ஓடவேண்டிய ஓர் உறுப்பின் பாரம் குறைந்தால், இயந்திரம் கூடிய வேகத்தில் சுழல முடியும். சுழற்சி கூட, வலுவும் கூடும். டர்போ முறை கார்களில் பரவாத காலத்தில் ஒரே கொள்ளளவிலிருந்து அதிக வலுவைப் பெறுவதற்கு இது நம்பகமான வழியாக இருந்தது.

ஓசைக்கும் இதுவே அடிப்படை. சாதாரண நான்கடிப்பு இயந்திரத்தில், தண்டு இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தடவை எரிதல் நிகழும். நிமிடத்துக்கு 6000 சுழற்சிகள் என்ற வேகத்தில், நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் செக்கனுக்கு 200 தடவைகளும் பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரத்தில் 600 தடவைகளும் எரிதல் நடைபெறும். ஒரு சிலிண்டரின் உந்துதல் ஓயுமுன்னரே அடுத்தது தொடங்கிவிடுவதால் வலு இடைவெளியின்றிப் பாய்கின்றது. அதிர்வுகள் ஒன்றையொன்று சமன்செய்கின்றன. காதுக்குக் கேட்பது தனித்தனி அடிகளல்ல, உயர்ந்த சுருதியில் அமைந்த ஒரே நாதம். இதற்கான விலையும் உண்டு. உறுப்புகள் பெருகும்போது உராய்வும் பாரமும் எரிபொருள் செலவும் பெருகுகின்றன. இயந்திரமும் நீண்டுவிடுகின்றது.

என்சோ பெராரி தமது பெயர் தாங்கிய முதற் காரை 1947 ஆம் ஆண்டு வெளியிட்டார். ஜியோக்கினோ கொலம்போ வடிவமைத்த அதன் இயந்திரம் ஒன்றரை லீற்றர் கொள்ளளவு மட்டுமே கொண்டது. அந்தச் சிறிய அளவையும் அவர்கள் பன்னிரண்டாகப் பிரித்தனர். காருக்கு இடப்பட்ட பெயர் 125. அது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு. பின்னர் வந்து பெரும்புகழ் பெற்ற 250 வரிசையும் அவ்வாறே பெயர் பெற்றது. இயந்திரத்தின் முழு அளவை அறிய வேண்டுமானால் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். பெருக்க வேண்டிய எண் எது என்பதைப் பெயரில் எழுதவேண்டிய அவசியம் இருக்கவில்லை. பெராரி என்றால் பன்னிரண்டு என்பது சொல்லாமலே விளங்கிய காலம் அது.

எனினும், பந்தயக் களத்தின் வரலாறு இந்த நம்பிக்கைக்கு முழுமையாக ஒத்துப்போகவில்லை. 1960 முதல் 1965 வரை லு மான் 24 மணிநேரப் பந்தயத்தைத் தொடர்ந்து ஆறு ஆண்டுகள் வென்றவை பன்னிரண்டு சிலிண்டர் பெராரி கார்களே. ஆனால் போர்முலா 1 ஓட்டுநர்களுக்கான உலகப்பட்டத்தை எடுத்து நோக்கினால் வேறொரு சித்திரம் தெரிகின்றது. 1952, 1953 ஆம் ஆண்டுகளில் அல்பேர்ட்டோ அஸ்காரி நான்கு சிலிண்டர் பெராரியில் பட்டம் வென்றார். 1956 இல் ஃபாஞ்சியோவுக்கும் 1964 இல் ஜோன் சேர்ட்டீஸுக்கும் கைகொடுத்தவை எட்டு சிலிண்டர் கார்கள். 1958 இல் மைக் ஹோதோர்னும் 1961 இல் ஃபில் ஹில்லும் வென்றது ஆறு சிலிண்டர் கார்களில். ஆக, பெராரியின் முதல் ஆறு உலகப்பட்டங்களில் பன்னிரண்டு சிலிண்டர் காரில் வென்ற பட்டம் ஒன்றுகூட இல்லை. பந்தயக் களத்தில் எண்ணிக்கை ஒரு கருவி. விதிமுறைக்கு எது பொருந்துமோ அதனை நிறுவனம் தயக்கமின்றிப் பயன்படுத்தியது. விற்பனைக் கூடத்திலேயே அந்த எண் பட்டமாக மாறியது.

இந்த முரண்பாடு மிகக் கூர்மையாக வெளிப்பட்ட இடம் டினோ. என்சோ பெராரியின் மகன் அல்ஃபிரெடோவை வீட்டில் டினோ என்று அழைத்தனர். இயந்திரவியல் பயின்ற அவர், விட்டோரியோ யானோவுடன் இணைந்து ஆறு சிலிண்டர் இயந்திரம் ஒன்றின் உருவாக்கத்தில் ஈடுபட்டிருந்தார். தசைச்சிதைவு நோயினால் 1956 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தமது 24 ஆவது வயதில் அவர் காலமானார். 1958 இல் உலகப்பட்டம் வென்ற கார் அவருடைய பெயரையே தாங்கியிருந்தது. 1960 களின் பிற்பகுதியில் அதே வழிவந்த ஆறு சிலிண்டர் இயந்திரத்துடன் வீதிக்கான சிறிய கார் ஒன்று தயாரானது. அதன் பெயர் டினோ 206. இரண்டு லீற்றர், ஆறு சிலிண்டர் என்பதே அந்த எண்ணின் பொருள். அந்தக் காரில் பெராரி என்ற பெயரும் இல்லை, பாயும் குதிரைச் சின்னமும் இல்லை. மகனை நினைவுகூர்ந்த மரியாதை அது என்பதில் ஐயமில்லை. அதேவேளை, பன்னிரண்டு சிலிண்டர் கார்களின் உயர்வைக் காக்கும் வேலியாகவும் அது அமைந்தது. மகனின் பெயரைப் பெற்ற காருக்குக் குடும்பப் பெயர் கிடைக்கவில்லை.

வேலி நீண்டகாலம் நிலைக்கவில்லை. 1973 இல் வந்த எட்டு சிலிண்டர் 308 ஜி.டி.4 முதலில் டினோ என்றே விற்கப்பட்டு, பின்னரே பெராரிச் சின்னத்தைப் பெற்றது. 1975 இல் வந்த 308 ஜி.டி.பி. தொடக்கம் முதலே பெராரியாக இருந்தது. 1987 இல், என்சோ மறைவதற்கு முந்திய ஆண்டில், இரட்டை டர்போ பொருத்திய எட்டு சிலிண்டர் எப் 40 வெளிவந்தது. இன்று பெராரிகளுள் மிகவும் போற்றப்படும் கார்களில் அதுவும் ஒன்று. அதில் நான்கு சிலிண்டர்கள் குறைவு என்று எவரும் குறைகூறுவதில்லை.

பெராரி மட்டுமே இவ்வாறு நடந்துகொண்டது என்று கூற முடியாது. ஜேர்மனியின் போர்ஷே நிறுவனம் 1965 இல் தனது 911 காரின் உடலமைப்பிலேயே நான்கு சிலிண்டர் இயந்திரத்தைப் பொருத்தியபோது, அதற்கு 912 என்ற வேறு பெயரை இட்டது. ஆறு சிலிண்டர் இல்லாதது 911 ஆகாது என்பதே அதன் பொருள். 2016 இல் அதே நிறுவனம் தனது சிறிய பொக்ஸ்டர், கேமன் கார்களுக்கு நான்கு சிலிண்டர் டர்போ இயந்திரத்தைக் கொடுத்தபோது வலு கூடியது. ஆயினும் ஓசை பற்றிய முறைப்பாடுகள் எழுந்தன. சில ஆண்டுகளிலேயே அவற்றின் உயர்ரகங்களுக்கு ஆறு சிலிண்டர் இயந்திரம் திரும்பி வந்தது.

எண்ணிக்கை ஒரு வாக்குறுதியாகவும் மாறும் என்பதை உணர்த்தியது பிரிட்டனின் ஜகுவார் எக்ஸ்.ஜே.220. பன்னிரண்டு சிலிண்டர் கார் மூலம் லு மானில் வென்ற 1988 ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனம் பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட மாதிரிக் கார் ஒன்றைக் காட்சிப்படுத்தியது. செல்வந்தர்கள் 50,000 பவுண் முற்பணம் செலுத்திக் காத்திருந்தனர். 1992 இல் கையளிக்கப்பட்ட காரில் இருந்ததோ ஆறு சிலிண்டர் டர்போ இயந்திரம். மெட்ரோ என்ற சிறிய காரின் ரலிப் பந்தய வடிவத்துக்கான இயந்திரத்திலிருந்து அது உருவாக்கப்பட்டிருந்தது. மணிக்கு 340 கிலோமீற்றரையும் கடந்து, அக்காலத்தின் அதிவேக விற்பனைக் காராக அது விளங்கியது. ஆயினும் வாங்க முன்வந்தோர் பலர் பின்வாங்கினர். சிலருடைய விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. பொருளாதார மந்தமும் விலையேற்றமும் இதில் பெரும்பங்கு வகித்தன. எனினும், வேகம் கிடைத்தும் சொன்ன எண் கிடைக்காத ஏமாற்றம் அந்தக் காரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இன்று டர்போவும் மின்மோட்டாரும் பழைய கணக்கை மாற்றிவிட்டன. 2021 இல் அறிமுகமான பெராரி 296, ஆறு சிலிண்டர்களும் ஒரு மின்மோட்டாரும் சேர்ந்து 830 குதிரைவலுவைத் தருகின்றது. 2017 இல் வந்த பன்னிரண்டு சிலிண்டர் 812 தந்தது 800. வீதிக்கான ஆறு சிலிண்டர் கார் ஒன்று பெராரி என்ற பெயரைப் பெறுவதற்கு, முதலாவது டினோவிலிருந்து அரை நூற்றாண்டு கடக்கவேண்டியிருந்தது. அப்போதும் அதன் பொறியியலாளர்கள் அந்த இயந்திரத்துக்கு வைத்த செல்லப்பெயர் ‘சின்னப் பன்னிரண்டு’. அதேவேளை, 2024 இல் மின்மோட்டாரோ டர்போவோ இல்லாத புதிய காரை வெளியிட்ட அந்நிறுவனம், அதற்கு இத்தாலிய மொழியில் ‘பன்னிரண்டு சிலிண்டர்கள்’ என்றே பெயரிட்டது. 1947 இல் சொல்லாமலே விளங்கிய எண்ணை, இப்போது காரின் பெயராகவே எழுதவேண்டிய நிலை வந்துள்ளது.

தேவையாக இருந்த ஒன்று தேவையற்றுப் போகும்போது, அது மறைந்துவிடலாம். அல்லது மரபாக மாறி முன்னரிலும் விலையுயர்ந்ததாகலாம். பன்னிரண்டு சிலிண்டர் இரண்டாவது வழியில் செல்கின்றது. அந்த மரபைப் போற்றுவதில் தவறில்லை. ஆனால் எண் ஒன்றே மேன்மையைத் தீர்மானிக்கும் என்று நம்புவோர், நான்கு சிலிண்டர்களுடன் அஸ்காரி வென்ற பட்டங்களையும் பெராரி என்ற பெயர் இன்றி ஓடிய டினோவையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அந்த டினோவைப் பெராரிகளின் வரிசையில் சேர்க்க இன்று எந்தச் சேகரிப்பாளரும் தயங்குவதில்லை. தந்தை வழங்காத குடும்பப் பெயரைக் காலம் அதற்கு வழங்கிவிட்டது.