ஒரே மடியில் இரு வேறு பால்

ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளியில் வாழும் சிவப்புக் கங்காருவின் பைக்குள் நான்கு காம்புகள் உண்டு. பிறந்து சில நாளே ஆன குட்டி அவற்றில் ஒன்றைக் கவ்விக்கொண்டு கிடக்கும். பிறக்கும்போது அதன் எடை ஒரு கிராம்கூட இருக்காது. அதே நேரத்தில், பையை விட்டு வெளியேறிப் புல் மேயத் தொடங்கிவிட்ட மூத்த குட்டி தலையை மட்டும் உள்ளே நீட்டி, தன் பழைய காம்பைத் தேடிப் பிடித்துக் குடிக்கும். இரண்டுக்கும் தாய் ஒன்றுதான், பால் வேறு.

இளையது குடிப்பது சர்க்கரைச் சத்து மிகுந்த, கொழுப்புக் குறைந்த, நீர்த்த பால். மூத்தது குடிப்பதில் கொழுப்பு பல மடங்கு; சர்க்கரை சொற்பம். இதற்குக் காரணம் உண்டு. கங்காருவின் கர்ப்பம் ஏறத்தாழ 33 நாள்தான். நுரையீரலும் மூளையும் முழுமை பெறும் முன்பே குட்டி வெளியே வந்துவிடுகிறது. பெரும்பாலான பாலூட்டிகளில் நஞ்சுக்கொடி செய்யும் வேலையைக் கங்காருவில் பெரும்பாலும் பாலே செய்கிறது. மூத்ததற்கோ குளிரைத் தாங்கவும் துள்ளி ஓடவும் கொழுப்பு தேவை.

இரண்டு சுரப்பிகளிலும் பாய்வது ஒரே இரத்தம், அதில் வருவதும் அதே ஹார்மோன்கள். ஆயினும் ஒவ்வொரு சுரப்பியும் தனக்கென ஒரு கடிகாரம் வைத்திருப்பதுபோல் நடந்துகொள்கிறது. கங்காருவின் உறவினமான டாமர் வாலபியில் ஆய்வாளர்கள் இளங்குட்டிகளை எடுத்து, பாலூட்டலில் பல வாரம் முன்னேறிவிட்ட வேறு தாயின் காம்பில் சேர்த்துப் பார்த்தார்கள். வந்த குட்டியின் வயதுக்காகப் பால் பின்னோக்கி மாறவில்லை. குட்டிதான் அந்தப் பாலைக் குடித்து வேகமாக வளர்ந்தது.

பால் இறங்குவதிலும் இதே நுட்பம். காம்பை விடாமல் பற்றியிருக்கும் இளங்குட்டி உறிஞ்சும்போது ஹார்மோன் சிறிதளவே சுரக்கும். இளைய சுரப்பிக்கு அதுவே போதும். மூத்த சுரப்பி அதற்கு அசையாது. பெரிய குட்டி வந்து வலுவாக இழுக்கும்போது ஹார்மோன் மிகுதியாகச் சுரக்க, அப்போதுதான் அதன் பங்கு இறங்கும். 1981-இல் டென்னிஸ் லிங்கனும் மெரிலின் ரென்ஃப்ரீயும் வாலபி ஒன்றில் இந்த வேறுபாட்டை விளக்கினார்கள்.

மனிதத் தாய்க்கு இந்த ஏற்பாடு இல்லை. மூத்த குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் மீண்டும் கருவுற்றால், மாதங்கள் செல்லச் செல்ல இரு மார்பிலும் பால் குறையும். சுவை சற்று உப்பாகி, மெல்லச் சீம்பாலாக மாறும். சில குழந்தைகள் தாமாகவே பாலை மறந்துவிடும். பால் கெட்டுவிட்டது என்று வீட்டில் சொல்வதுண்டு. அது கெடவில்லை, பிறக்கப்போகும் குழந்தைக்காக ஆயத்தமாகிறது. பிரசவம் முடிந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சரிய, இரண்டு மூன்று நாளில் பால் பெருகும். அளவை மட்டும் ஒவ்வொரு மார்பும் தனித்தனியே தீர்மானிக்கிறது: காலியாவது கூடுதலாகச் சுரக்கும், நிரம்பியே இருப்பது சுரப்பைக் குறைக்கும். இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் போதுவது இதனால்தான்.

ஆக, இருவருக்கும் போதிய அளவைத் தர மனித உடலால் முடியும். ஆளுக்கொரு வகைப் பாலைத் தர முடியாது. சீம்பால் சுரக்கும் நாள்களில் பச்சிளம் குழந்தைக்கே முதலில் கொடுக்க வேண்டும் என்பது இதனால்தான். நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்த அந்தச் சில மில்லிதான் அதன் முழு உணவு. மூத்ததற்குச் சோறும் பருப்பும் பழமும் உண்டு. பாலுக்கு அது சற்றுக் காத்திருக்கலாம். அந்த நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோறூட்ட அப்பாவோ பாட்டியோ வேண்டும். கங்காருவுக்கு உடலே பங்கு பிரித்துத் தருகிறது. மனிதத் தாய்க்கு அந்தப் பங்கீட்டைச் செய்துதர வேண்டியது அவள் வீடு.