படைத்துறை நிதியில் ஒரு புற்றுநோய் ஆய்வு

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோருள் சிலருக்கு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து செலுத்தப்படுவதை வாசகர்கள் அறிவர். திசுப் பரிசோதனை அறிக்கையில் 'ஹெர்-2 பாசிட்டிவ்' என்று குறிக்கப்பெற்றவர்களுக்கே இது பயன்படும். இம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக்குத் துணைநின்ற நிதிகளுள் ஒன்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையினுடையது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

அந்நிதி பெண்களின் கடிதங்களால் பிறந்தது. 1991இல் மார்பகப் புற்றுநோயாளர் கூட்டமைப்பு ஒன்று நாடெங்கும் சுமார் 6 இலட்சம் கடிதங்களைத் திரட்டி அரசிடம் அளித்தது. ஆயினும், பாதுகாப்புச் செலவினத்திலிருந்து பணத்தை எடுத்து வேறு துறைகளுக்கு மாற்றச் சட்டம் இடந்தரவில்லை. தம் உடன்பிறந்த சகோதரியர் இருவரை இந்நோய்க்குப் பறிகொடுத்த செனட்டர் டாம் ஹார்கின், பணத்தைப் படைத்துறையிலேயே வைத்து ஆய்வுக்குச் செலவிடலாம் என வழி கண்டார். 1993ஆம் நிதியாண்டுக்கு 21 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

வழக்கமான ஆய்வு மானியங்கள், முன்பே ஓரளவு மெய்ப்பிக்கப்பட்ட கருத்துகளையே பெரிதும் விரும்பும். புதிய கருத்துக்கோ காட்டுவதற்கு முன்சான்று இராது. எனவே முதனிலை முடிவுகளைக் கட்டாயமாகக் கேளாத மானியங்களையும் இத்திட்டம் ஏற்படுத்தியது. இவற்றில் பல வெற்றி பெறாமலே முடியும். அதை அறிந்தே கொடுப்பதுதான் இதன் தனிச்சிறப்பு என நாங்கள் கருதுகிறோம். ஹெர்-2 மரபணு மிகுந்திருந்தால் நோய் கடுமையாகும் என்று டெனிஸ் ஸ்லாமன் குழுவினர் 1987இல் வெளியிட்ட பின்பும், மருந்துக்கு ஒப்புதல் கிடைக்க 1998 வரை காத்திருக்க நேர்ந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் அதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

எங்களை மிகவும் கவர்ந்தது பிறிதொன்று. விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களில் நோயிலிருந்து மீண்டவர்களும் அறிவியலறிஞர்களுக்கு நிகரான வாக்குரிமையுடன் அமர்கின்றனர். தொடக்கத்தில் அறிஞர் சிலர் இதனை ஐயத்துடனேயே நோக்கினர். இன்றோ வேறு பல நிதித் திட்டங்களும் இம்முறையைப் பின்பற்றுகின்றன.

'இடர் மிகுந்த ஆய்வு' என்னும் சொற்றொடர் நோயாளிகளை அச்சுறுத்தக்கூடும். இங்கே இடர் என்பது கருத்து பொய்த்துப் பணமும் காலமும் வீணாகலாம் என்பதே; பெரும்பாலும் அது ஆய்வுக்கூடத்திலேயே முடிந்துவிடும். மனிதரிடம் மருந்தைச் சோதிப்பது வேறொரு கட்டம். அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் உங்கள் எழுத்துப்பூர்வ இசைவும் வேண்டும். இந்தியாவில், 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, புதிய மருந்தின் சோதனையால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெற உரிமை உண்டு. இசைவுப் படிவத்தை வீட்டிற்கு எடுத்துச் சென்று, குடும்பத்தாருடன் படித்து, ஐயங்களைக் கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுங்கள். மறுத்தாலும், இடையில் விலகினாலும், உங்களுக்குரிய வழக்கமான சிகிச்சை தடைபடாது.