பனித்தளத்தில் குடலை இட்லி

மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் தன் கோயிலில் இருக்க மாட்டார். அவர் இருக்கும் அத்திகிரிக் குன்றை விட்டு இறங்கி, முத்தியால்பேட்டை, வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்குப் போய்விடுவார். மலையேறி, அங்கிருக்கும் லட்சுமி நரசிம்மரையும் கூட்டிக்கொண்டு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் அது. சாலவாக்கத்திலிருந்தும் காவாந்தண்டலத்திலிருந்தும் பெருமாள்கள் வந்து சேருவார்கள். திருமுக்கூடல் ஸ்ரீனிவாசரோடு சேர்த்து ஐந்து பேர். வழியில் ஊருக்கு ஊர் நிறுத்தித் தேங்காய் உடைப்பார்கள். சிறுவயதில் அப்பாவின் தோளிலிருந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்ததால், பண்டிகை என்றாலே வீட்டை விட்டுக் கிளம்பி நாலு ஊர்க்காரர்களைப் பார்ப்பது என்றுதான் என் மனசில் பதிந்திருக்கிறது.

2024 அக்டோபரில் தங்கை வீட்டுக்குக் கனடா போனபோது இது அடிக்கடி நினைவுக்கு வந்தது. அவள் இருப்பது டொரோண்டோவின் ஒரு பகுதியான ஸ்கார்பரோவில். போர்க்காலத்தில் ஈழத்திலிருந்து வந்தவர்கள் உழைத்து உண்டாக்கிய தமிழ்த் தெருக்கள் அங்கே உண்டு. தங்கைக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் ரோட்டில். பையனுக்கு ஒன்பது வயது. ஐஸ் ஹாக்கி என்றால் உயிர்.

அந்த வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. எங்கள் அப்பா நெய்த தறியின் நாடா ஒன்றைத் தங்கை பத்திரமாக வைத்திருக்கிறாள். பூஜைப் பலகையில் அந்த நாடா, மாப்பிள்ளையின் லாரிச் சாவி, பையனின் ஹாக்கி மட்டை, ஸ்கேட்டிங் ஷூ. சந்தனமும் குங்குமமும் அவனே வைத்தான். ஷூவின் இரும்பு விளிம்பில் பொட்டு நிற்காமல் வழுக்கியது. விரலால் அழுத்தி அழுத்தி மூன்று தடவை வைத்தான்.

மூன்றே நாளில், திங்கட்கிழமை, கனடாக்காரர்களின் நன்றித் திருநாள். அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழன் அன்று வரும் பண்டிகை, கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்களில் வரும். குளிர் சீக்கிரம் இறங்கிவிடும் ஊர், அறுவடையும் முன்னாலேயே முடிந்துவிடும். நாடாளுமன்றம் 1957இல் இந்த நாளை நிலையாக்கியது. பையனின் கோச் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். அவருக்குச் சம்பளம் கிடையாது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, விடியற்காலையிலும் சனி ஞாயிறிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அந்த நாட்டில் பிள்ளைகளின் விளையாட்டில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பெற்றோர்களின் தோளில்தான் ஓடுகிறது.

புரட்டாசி இன்னும் முடியவில்லை. தங்கை கூச்சத்தோடு விஷயத்தைச் சொல்ல, வான்கோழியை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். பூசணி இனிப்பில் முட்டை இருக்கிறது என்று கோச்சின் மனைவியே எச்சரித்தார். எங்கள் பக்கம் சுட்ட பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சோளம். எனக்குத் திக்கென்றது. பொங்கலன்று அம்மா வைக்கும் குழம்பில் மொச்சையோடு மிதப்பவை இந்தப் பூசணியும் கிழங்கும்தானே! இரண்டும் அமெரிக்கக் கண்டத்து மண்ணில் பிறந்து, கப்பலேறி நம்மிடம் வந்தவை. பூசணிக்குப் பரங்கிக்காய் என்று பெயர் வைத்து, வெளிநாட்டிலிருந்து வந்ததைப் பெயரிலேயே சொல்லிவிட்டோம். அப்புறம் அது இல்லாமல் பொங்கலே இல்லை என்று ஆக்கிக்கொண்டோம்.

சாப்பிடும் முன் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி சொல்கிறோம் என்று சொல்ல வேண்டும் என்றார்கள். அவர்கள் வீட்டுப் பழக்கம். தங்கையின் முறை வந்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கும் நாக்கு எழவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி என்று வாயால் சொன்னதில்லை. கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்தால்தான் அது நடக்கும். அப்பாவுக்கு இருபது வருஷம் அப்படித் தள்ளிக் கொடுத்த மாமாவிடம் அப்பா ஒரு நாளும் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டதில்லை. ஆயுத பூஜையன்று முதல் இலை அவருக்கு. பொங்கலுக்கு எங்களுக்கு எடுத்த துணியிலேயே அவர் பிள்ளைகளுக்கும். அதுதான் சொல்வது. ஆனால் அந்த மாமா இறந்த அன்று அப்பா தறிக்குழிக்குள் காலை விட்டபடி வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை வாயால் சொல்லியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

கடைசியில் தங்கை எழுந்து நின்று சொன்னாள். "நான் இரவு வேலை முடிந்து வருவதற்குள் என் பிள்ளையை எழுப்பி, ஷூ நாடா கட்டி, பயிற்சிக்குக் கூட்டிப் போகிறீர்கள். அதற்கு." சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

பேச்சுக்கு நடுவே, காஞ்சிபுரத்தில் என்ன விளையாடுவீர்கள் என்று கோச்சின் மகள் கேட்டாள். ஒரு மாதத்துக்கு முன்புதான் எங்கள் ஊர்த் துளசிமதி முருகேசன் பாரிஸ் பாராலிம்பிக் பேட்மின்டனில் வெள்ளி வாங்கியிருந்தார். அவருக்கு முதலில் ராக்கெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது பெற்ற தகப்பன்தான் என்றேன். கோச் தன் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

பதிலுக்கு நாம் என்ன செய்வது என்று தங்கை அன்றிலிருந்தே யோசிக்க ஆரம்பித்தாள். கனடா நாடாளுமன்றம் 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. மண்டபங்களில் பொங்கல் விழாக்கள் நடக்கும். பரதநாட்டியம், பேச்சு, சிறப்பு விருந்தினர், பரிசு. அதெல்லாம் வேண்டும், அடுத்த தலைமுறையின் காதில் தமிழ் விழ வேறு வழியில்லை. ஆனால் அங்கே நாமே நமக்குப் பொங்கல் கொடுத்துக்கொள்கிறோம். பிள்ளையின் வாழ்க்கையில் பாதி நடக்கும் இடம் அந்தப் பனித்தளம். அங்கிருக்கும் ஒருவரும் மண்டபத்துக்கு வருவதில்லை, நாமும் கூப்பிடுவதில்லை. வரதரைப் போல நாம்தான் கிளம்ப வேண்டும் என்றேன்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை பையனுக்கு ஆட்டம். அங்கேயே எல்லோருக்கும் ஏதாவது கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு. சர்க்கரைப் பொங்கல் என்றுதான் முதலில் பேச்சு. "அண்ணா, முந்திரி கூடாது. கொட்டை வகை எதுவுமே உள்ளே விடமாட்டாங்க" என்றாள். முந்திரி இல்லாத சர்க்கரைப் பொங்கலுக்கு அவள் மனசு ஒப்பவில்லை. ஆகவே கோயில் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். வரதருக்குப் படைப்பது மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து வேகவைப்பது. இங்கே குடலைக்கும் இலைக்கும் எங்கே போவது? டம்ளரில் வார்த்தாள். எள் ஒவ்வாத பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் நல்லெண்ணெயும் பொடியும் கிடையாது. மிளகைப் பாதியாகக் குறைத்தாள். எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் சாப்பிடப்போவது நானில்லை. எவர்சில்வர் தூக்கின் மூடியில் காகிதம் ஒட்டி, என்னென்ன இருக்கிறது, என்னென்ன இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதினாள்.

ஆட்டம் முடிந்து வியர்வையும் ஈரமுமாக வந்த பிள்ளைகள் நின்றபடியே தின்றார்கள். இரண்டு பேர் துப்பினார்கள். ஒருவன் ஆறு துண்டு. மாப்பிள்ளை செல்போனில் திருமுக்கூடல் வீடியோவைக் காட்டினார், ஐந்து பெருமாளும் ஆற்றங்கரையில். எங்கள் பையன் மட்டும் ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண்ணாடித் தடுப்போரம் காத்திருந்தான். பனியை இழைத்து வழவழப்பாக்கும் ஸாம்போனி வண்டியை ஓட்டும் பெரியவருக்கு அது. "அவர் இல்லேன்னா நாங்க எப்படி மாமா விளையாடறது?" என்றான். அவர் ஓரமாக வண்டியை நிறுத்தி, கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டார்.

கூட்டத்தில் தூக்கை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். அடுத்த சனிக்கிழமை கோச்சின் மனைவி அதைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். கனமாக இருந்தது. உள்ளே அவர் கையால் சுட்ட இனிப்புகள். தங்கை ஒட்டியிருந்த காகிதத்துக்கு மேல் இன்னொரு காகிதம் ஒட்டியிருந்தார். வெண்ணெய், முட்டை, திராட்சை என்று வரிசையாக எழுதி, கடைசி வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தார்: முந்திரி இல்லை.