கற்றளிப் பாதை – 14: லோகமகாதேவி எழுப்பிய கோயில்

சென்ற வாரம் பாதாமிப் பாறையில், முதலாம் நரசிம்மவர்மனின் சிதைந்த கல்வெட்டுக்கு முன்னால் நிறுத்தியிருந்தோம். 642-ல் வாதாபியைப் பிடித்த மாமல்லன், எதிரியின் தலைநகரிலேயே தன் பெயரைப் பொறித்துவிட்டுப் போன இடம் அது. ‘சிவகாமியின் சபதம்’ படித்து வளர்ந்த நமக்குக் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. சாளுக்கியருக்கு முடியவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து அவர்கள் வம்சத்து இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிபுரத்துக்குள் படையோடு நுழைந்தான். பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மனின் கட்வாங்கக் கொடி, சமுத்திரகோஷம் என்ற இசைக்கருவி, யானைகள், மாணிக்கக் குவியல் எல்லாம் அவன் கைக்கு வந்தன.

ஊரை மட்டும் அவன் கொளுத்தவில்லை. இராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்தான். அதை எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். இதை அவனுடைய மகன் கீர்த்திவர்மனின் செப்பேடுகளும் சொல்கின்றன, காஞ்சிக் கோயிலின் முன் மண்டபத் தூண் ஒன்றும் சொல்கிறது. அந்தத் தூணில் இருப்பது கன்னடக் கல்வெட்டு. காஞ்சி கைலாசநாதருக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தத் தூணின் முன் நிற்கிறார்கள்? நின்று பார்க்க வேண்டும். வென்றவன் ஒருவன், தோற்றவனின் கோயிலில், தன் மொழியில் எழுதிவைத்த மரியாதை அது.

அந்த வெற்றியின் நினைவாக அவனுடைய பட்டத்தரசி லோகமகாதேவி எழுப்பிய கோயில்தான் இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் பட்டடக்கல் விருபாட்சர் கோயில். அன்றைய பெயர் லோகேசுவரம்; அரசியின் பெயரையே இறைவனுக்குச் சூட்டியிருந்தார்கள்.

பாதாமியிலிருந்து 22 கிலோமீட்டர். பேருந்து உண்டு. முடிந்தவரை காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வெறுங்காலோடு அந்த மணற்கல் தரையில் நிற்க முடியாது. சாளுக்கிய அரசர்கள் முடிசூடிய ஊர் என்று சொல்லப்படும் பட்டடக்கல் இன்று சிறிய கிராமம். ஊரை ஒட்டி மலப்பிரபை ஓடுகிறது. கிருஷ்ணையைத் தேடிக் கிழக்கே போகும் அந்த நதி இந்த இடத்தில் மட்டும் வடக்கே திரும்புகிறது. வடக்கு நோக்கி ஓடும் ஆற்றங்கரை புனிதம் என்பதால்தான் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். நம் ஊரில் உத்தரவாகினி என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அதே நம்பிக்கை.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வகை விமானங்கள். காடசித்தேசுவரர், ஜம்புலிங்கர், களகநாதர், காசி விசுவநாதர் ஆகிய கோயில்களின் மேல் வளைந்து உயரும் வடநாட்டுச் சிகரம். சங்கமேசுவரர், விருபாட்சர், மல்லிகார்ஜுனர் மேல் தளம் தளமாக ஏறும் நம் பக்கத்து விமானம். ஒரே வளாகத்தில், ஒரே சிவந்த மணற்கல்லில் இரண்டு மரபும். சற்றுத் தெற்கே தனித்து நிற்கும் பாபநாதர் கோயிலில் சுவர் தென்னாட்டு முறை, சிகரம் வடநாட்டு முறை. 1987-ல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது ஒன்பது சைவக் கோயில்களையும் ஒரு சமணக் கோயிலையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. எல்லாவற்றையும் விவரிக்க இங்கே இடமில்லை. இரண்டை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் சங்கமேசுவரர். விருபாட்சருக்கு ஓடிவிடும் அவசரத்தில் பெரும்பாலானோர் இதைத் தாண்டிப் போகிறார்கள். இரண்டாம் விக்கிரமாதித்தனின் தந்தை விஜயாதித்தன் தொடங்கி, முடிக்காமல் போன கோயில். முடியாததுதான் இதன் பெருமை. வெளிச்சுவரின் கோஷ்டங்களில் சில உருவங்கள் பாதியில் நிற்கின்றன. தோள் திரண்டிருக்கும், முகம் வெறும் கல்லாக இருக்கும். சிலையைப் பட்டறையில் முடித்து எடுத்து வந்து பொருத்தவில்லை என்பது இங்கே தெளிவாகிறது. கல்லை ஏற்றி, சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் அடுக்கி, சுவராக நிறுத்திய பிறகே உளி வைத்திருக்கிறார்கள். கட்டி முடித்த சுவரில், ஒரு தவறான அடிக்கு மாற்றுக் கல் கிடையாது என்று தெரிந்தே செதுக்கியவர்களின் கை அது.

இந்தக் கோயிலுக்கு முன் நிற்கும்போது இன்னொன்றும் புரியும். காஞ்சியிலிருந்து சிற்பிகளைப் பிடித்து வந்து பட்டடக்கல்லைக் கட்டினார்கள் என்று பல நூல்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் படித்திருப்போம். தமிழர்களான நமக்கு அது இனிக்கவும் செய்யும். ஆனால் சங்கமேசுவரரின் விமானம் ஏற்கெனவே தென்னாட்டு விமானம்தான். பாதாமிக் குன்றின் மாலெகித்தி சிவாலயம் அதற்கும் ஒரு தலைமுறையாவது முந்தியது, அதுவும் அப்படித்தான். விக்கிரமாதித்தன் காஞ்சியை வெல்லும் முன்பே இந்தக் கலை இங்கே வேர்விட்டிருந்தது. கொள்ளைப் பொருளாக வந்த கலை அல்ல இது என்பதில் எனக்கு ஐயமில்லை. காஞ்சியைப் பார்த்து வியந்த கண்கள், தமக்குத் தெரிந்ததை இன்னும் பெரிதாகச் செய்ய ஆசைப்பட்டிருக்கின்றன.

அந்த ஆசையைத்தான் விருபாட்சரில் பார்க்கிறோம். கிழக்கு வாசலுக்கு எதிரே தனி மண்டபத்தில் கருங்கல் நந்தி. மணற்கல் சிவப்புக்கு நடுவே அதன் கருமை பளிச்சென்று தெரிகிறது. காஞ்சியைப் போலவே சுற்று மதிலை ஒட்டிச் சிற்றாலயங்கள். இங்கே பல இடிந்துவிட்டன. காஞ்சியைப் போலவே கர்ணகூடு, சாலை, பஞ்சரம் என்று விமானத்தின் ஒவ்வொரு தளத்திலும் சிற்றுருவ ஆலயங்களின் வரிசை. ஒற்றுமை இவ்வளவுதான். காஞ்சியின் தூண்களில் எழுந்து நிற்கும் சிம்மங்கள் இங்கே இல்லை. விமானத்தின் முகப்பில், அர்த்தமண்டபத்துக்கு மேலே, சுகநாசி என்கிற கூர்ந்த முன்னீட்சி இங்கே இருக்கிறது, காஞ்சியில் இல்லை. காஞ்சியில் கருவறையைச் சுற்ற ஒரு சிறு துளை வழியாகத் தவழ்ந்து போக வேண்டும். இங்கே நடந்தே சுற்றலாம். துளைச் சாளரங்கள் வழியே வெளிச்சம் தரையில் கட்டம் கட்டமாக விழுகிறது. ஒவ்வொரு சாளரமும் ஒவ்வொரு பின்னல். ஒன்றின் வடிவம் இன்னொன்றில் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு சுற்று வேண்டியிருந்தது.

மகாமண்டபத்துக்குள் கண் இருட்டுக்குப் பழகும் வரை காத்திருங்கள். தூண்களின் முகங்களில் பட்டை பட்டையாகக் கதைகள். சீதையைக் கொண்டு போகும் இராவணனைச் சடாயு மறிக்கிறது. பறவையின் விரிந்த இறகு சட்டத்தைத் தாண்டி வெளியே வரப் பார்க்கிறது. வேறொரு பட்டையில் அம்புப் படுக்கையில் பீஷ்மர். நான் போன அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்திருந்தார்கள். ஆசிரியர் சொல்லுமுன்பே ஒரு சிறுமி ஒவ்வொரு பட்டையாகத் தொட்டுக் காட்டிக் கன்னடத்தில் கதை சொல்லிக்கொண்டு போனாள். 1,280 ஆண்டுகளுக்கு முன் செதுக்கியதை ஒரு குழந்தை யார் உதவியும் இல்லாமல் படிக்கிறது என்றால், செதுக்கியவர் வேறென்ன கேட்டிருப்பார்?

இந்த வளாகத்தில் இன்றும் பூசை நடக்கும் கோயில் இதுதான். அர்ச்சகர் தீபாராதனை முடித்து எங்களுக்குத் திருநீறு தந்தார். கல்வெட்டைப் பார்க்க வந்தோம் என்றதும் அவரே வெளியே வந்து கிழக்கு வாசல் பக்கம் கை காட்டினார். “பாருங்க சார், ராஜா பேர் இருக்கு, ராணி பேர் இருக்கு, கட்டினவர் பேரும் இருக்கு” – இந்தியும் கன்னடமும் கலந்து அவர் சொன்னதன் சாரம் இது.

அந்தக் கடைசிப் பெயருக்காகத்தான் நான் பட்டடக்கல்லுக்குப் போக விரும்பினேன். காஞ்சியை மூன்று முறை வென்ற விக்கிரமாதித்தனின் தேவி லோகமகாதேவிக்காக இந்தக் கோயிலைச் செய்த சூத்திரதாரி, அதாவது தலைமைச் சிற்பி, குண்டன் அனிவாரிதாசாரி என்று கல்வெட்டு சொல்கிறது. அவருக்குத் திரிபுவனாசாரி என்ற பட்டம் கிடைத்தது. அதோடு, இந்த வட்டாரத்துக் கைவினைஞர்கள் மேல் முன்பு விதித்திருந்த விலக்கும் நீக்கப்பட்டது. பட்டம் ஒரு மனிதருக்கு. விலக்கு நீங்கியது அவருடைய கூட்டத்துக்கே. கல் வேலை செய்தவர்களுக்கு அரசவை தந்த ஊதியங்களில் இதைவிட உயர்ந்த ஒன்றை நான் எந்தக் கல்வெட்டிலும் படித்ததில்லை. சர்வசித்தி ஆசாரியின் பெயரும் இங்கே உண்டு. நகரம், மாளிகை, வாகனம், இருக்கை, கட்டில், மணிமுடி என எல்லாம் செய்யத் தெரிந்தவர், தென்திசைச் சூத்திரதாரி என்று அவரைப் புகழ்கிறது கல். கோயிலின் பாடகர்களையும் அரசி மறக்கவில்லை; மாமனார் விஜயாதித்தன் அவர்களுக்குத் தந்திருந்த உரிமைகளை அவர் மீண்டும் உறுதிசெய்ததற்கும் கல்வெட்டு இருக்கிறது.

காஞ்சியில் இராஜசிம்மன் தன் பட்டப்பெயர்களை மட்டும் இருநூறுக்கு மேல் பொறித்துவைத்தான். அந்த யாளியைச் செதுக்கியவர் யார், அந்தச் சோமாஸ்கந்தரைச் செதுக்கியவர் யார் என்று கேட்டால் அந்தக் கோயில் பேசாது. பட்டடக்கல் பேசுகிறது. பலதேவன், ரேவடி ஓவஜ்ஜன் என்று சிற்பிகளே தங்கள் பெயரை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். காஞ்சியை நேசிக்கிற தமிழனாக இதைச் சொல்ல எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. நம் சிற்பிகளின் பெயர்களும் இப்படி நமக்குக் கிடைத்திருக்கக் கூடாதா?

விருபாட்சருக்குப் பக்கத்திலேயே மல்லிகார்ஜுனர் கோயில். விக்கிரமாதித்தனின் இன்னொரு தேவி, லோகமகாதேவியின் தங்கை திரைலோக்கியமகாதேவி எழுப்பியது. அளவில் கொஞ்சம் சிறியது, அமைப்பில் உடன்பிறப்பு. விஜயாதித்தன் கோயிலுக்கும் இந்த இரு அரசிகளின் கோயில்களுக்கும் நினைவாக ஞானசிவாசாரியார் என்ற சைவத் துறவி ஒரு தூண் நிறுத்தினார். 754-ஐச் சேர்ந்த அந்தத் தூணில் ஒரே சமஸ்கிருதச் செய்தி வடநாட்டு எழுத்திலும் கன்னட எழுத்திலும் இருக்கிறது. ஞானசிவாசாரியார் கங்கைக் கரையிலிருந்து வந்தவர். வடக்கிலிருந்து வருகிறவரும் படிக்கட்டும், இங்குள்ளவரும் படிக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

தூண் நட்ட சில ஆண்டுகளுக்குள் சாளுக்கியர் ஆட்சி போய்விட்டது. கீர்த்திவர்மனை வீழ்த்தி இராஷ்டிரகூடர் வந்தார்கள். அவர்கள் மரபில் முதலாம் கிருஷ்ணன், விருபாட்சரின் அமைப்பைப் பின்பற்றி, எல்லோராவில் ஒரு முழுக் குன்றை மேலிருந்து கீழாகக் குடைந்து கைலாசநாதர் கோயிலாக்கினான். காஞ்சியில் இராஜசிம்மன் செய்ததும், பட்டடக்கல்லில் குண்டன் செய்ததும் சேர்ந்து அங்கே என்ன ஆயிற்று என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.