பவளம்தான் சாப்பாடு... இந்த அழகு மீனை வீட்டில் வளர்க்க முடியுமா?

நீலப்பச்சை உடம்பு, அதில் வரிசை வரிசையாக ஆரஞ்சுப் புள்ளிகள், நீண்ட மூக்கு. கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்தால் விலை கேட்காமல் நகர மாட்டார்கள். பெயர், ஆரஞ்ச் ஸ்பாட்டட் ஃபைல்ஃபிஷ். ஃபைல் என்றால் அரம். தோல் அரம் மாதிரி சொரசொரவென்று இருப்பதால் அந்தப் பெயர்!

சிக்கலே சாப்பாட்டில்தான். கடலில் இது சாப்பிடுவது, பெரும்பாலும் அக்ரோபோரா என்ற பவள உயிரியை மட்டுமே. 1998-ல் கடல்நீர் சூடாகி ஜப்பானின் ஒகினாவா பகுதியில் பவளங்கள் வெளுத்துச் செத்தபோது, இந்த மீனும் அங்கே காணாமல் போனது. இன்னொரு ஆச்சர்யம்... பவளத்தைத் தின்று தின்று இதன் உடம்பிலும் பவள வாசனையே வருகிறதாம். எதிரி மீன்களே ஏமாந்து போவதாக 2014-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

அப்படிப்பட்ட மீனுக்குத் தொட்டியில் பாக்கெட் தீவனம் போட்டால்? திரும்பிக்கூடப் பார்க்காது. வயிறு ஒட்டிப்போய், சில வாரங்களில் இறந்துவிடும். 'ஏதோ நோய்' என்று நினைப்போம். உண்மையில் அது பட்டினி.

'ரெண்டு பவளம் வாங்கிப் போட்டால் போச்சு' என்கிறீர்களா? இந்தியாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அக்ரோபோரா உள்ளிட்ட கல் பவளங்கள் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

வெளிநாடுகளில் சிலர் பொறுமையாகப் பழக்கியிருக்கிறார்கள். முரட்டு மீன்கள் இல்லாத தனித்தொட்டியில் ஜோடியாக விட்டு, அரைத்த இறால் விழுதைக் கல்லில் அப்பி, ஒரு நாளைக்குப் பலமுறை ஊட்டி... வேலைக்குப் போகிறவர்களுக்குச் சரிப்படாது என்றே தோன்றுகிறது.

ஃபைல்ஃபிஷ்தான் வேண்டும் என்பவர்களுக்கு, இதே குடும்பத்தில் பிரிஸல் டெயில் ஃபைல்ஃபிஷ் இருக்கிறது. பழுப்பும் பச்சையுமாகப் பாசி படிந்த இலை மாதிரி இருக்கும். அழகில் மதிப்பெண் குறைவுதான். ஆனால், தொட்டியில் களைபோலப் பரவும் ஐப்டேசியா என்ற கடல் சாமந்தியைத் தின்று தீர்க்கும். உறைய வைத்த இறாலையும் சாப்பிடப் பழகிவிடும். மென்மையான பவள உயிரிகள் இருந்தால் சில மீன்கள் கொறித்துப் பார்க்கும், கவனம்.

எதை வாங்கினாலும், பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம், "என் கண் முன்னாடி ஒரு வாய் தீனி போடுங்கண்ணே" என்று கேளுங்கள். சாப்பிட்டால் வாங்கலாம், வயிறு ஒட்டியிருந்தால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம்.