மேற்கோள்குறிக்கு வெளியே யார் பேசுகிறார்கள்?

வட்டார வழக்கு நாவல் என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். எனக்குப் பிடித்த பூமணி, பாமா, இமையம் மூவரையும் அதில் போட்டு மூடிவிடுகிறார்கள். மூவரிடமும் பேச்சுமொழி இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் பிரதியில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதல்லவா கேள்வி?

தமிழ் நாவலில் நெடுங்காலமாக ஓர் ஏற்பாடு: பாத்திரம் கொச்சையில் பேசும், கதைசொல்லி எழுத்துத்தமிழில் விவரிப்பார். மேற்கோள்குறிதான் எல்லை. சேரி பேசலாம், ஆனா சேரியைப் பத்திப் பேசுறது வேறொருத்தர். ஊர், சேரி என்ற பிரிவினை இப்படிப் பக்கத்துக்குள்ளேயும் வந்துவிடுகிறது. இதை மூவரும் மூன்று விதமாக எதிர்கொள்கிறார்கள்.

பூமணி கதைசொல்லியின் வாயைக் கட்டிவிடுகிறார். 'வெக்கை'யில் (1982) பதினைந்து வயசுச் சிதம்பரம் கையை மட்டும் வெட்ட நினைத்து ஆளையே கொன்றுவிடுகிறான். அப்பனோடு காட்டில் ஒளிந்து திரிகிறான். அது பழியா நியாயமா என்று கதைசொல்லி நமக்கு விளக்குவதில்லை. அப்பனும் மகனும் பேசுறதும் பொங்கித் திங்கிறதும்தான் நாவல். மேலிருந்து தீர்ப்புச் சொல்லும் குரல் அங்கே கிடையாது.

பாமா 'கருக்கு'வில் (1992) எல்லையையே அழித்தார். தன்வரலாறாகவும் நாவலாகவும் வாசிக்கப்படும் அந்தப் பிரதியில் விவரிப்பே பேச்சுமொழிதான். மடத்தையும் படிப்பையும் தீண்டாமையையும் அந்த மொழியிலேயே ஆராய்கிறார். கொச்சையில் அழலாம், சிரிக்கலாம், சிந்திக்க முடியாது என்ற நினைப்புக்கு விழுந்த அடி அது.

இமையம் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலைப் படர்க்கையில்தான் சொல்கிறார். ஆனால் பறையர் காலனிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் புலம்பல் கதைசொல்லியை ஓரமாகத் தள்ளிவிடுகிறது. கெஞ்சலும் கோபமும் ஒரே வாயில் வருகின்றன. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் அடுக்கு உண்டு என்று காட்டியதால் நாவல் கடுமையான விவாதத்துக்கு உள்ளானது. எதைச் சொல்லலாம், சொல்லக்கூடாது என்பதிலேயே விவாதம் நின்றது. அடுக்கின் அடியில் இருப்பவளின் குரல் நாவலை நடத்திச் செல்வதைப் போதிய அளவு பேசவில்லை.

இன்று பேச்சுமொழி விவரிப்பு சகஜமாகிவிட்டது. அதனாலேயே ஒரு எழுத்து விடுதலை எழுத்தாகிவிடாது. ஆண்டையின் பார்வையைக் கொச்சையிலும் எழுதலாமே! புது நாவலைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்: வலியைச் சொல்வது யார், அதற்கு அர்த்தம் சொல்வது யார்? ரெண்டும் வேறவேற ஆளுன்னா, அந்தப் பக்கத்தில் ஊரும் சேரியும் இன்னும் பிரிந்துதான் கிடக்கின்றன.